கதையும் வேண்டும், கையும் அசைய வேண்டும்

பேரன் கோடை விடுமுறைக்கு அதிராம்பட்டினம் வந்தால், கூடவே அந்த வீடியோ கேம் பெட்டியும் வந்துவிடும். டி.வி.யில் அதைச் செருகிவிட்டால் எனக்குச் செய்தி கிடையாது. வேறு வழியில்லாமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் ஆடியது 2017-இல் வந்த ‘அன்சார்ட்டட்: த லாஸ்ட் லெகசி’ என்ற அமெரிக்க விளையாட்டு. இரண்டு பெண்கள் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடி நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறார்கள். ஹொய்சாளர் காலத்துச் சிற்பம், கோபுரம் எல்லாம் வருகிறது. பேளூர், ஹளேபீடு போய் வந்தவன் என்பதால் எனக்குப் பிடித்துப்போயிற்று. நடிகர்களை நடிக்க வைத்து அந்த அசைவுகளைப் பதிவு செய்கிறார்களாம். சினிமா போலவே இருக்கிறது.

ஆனால் காட்சி தொடங்கினாலே பேரன் பொத்தானை அமுக்கித் தள்ளிவிடுவான்.

“டேய், இருடா. அவங்க என்ன பேசிக்கிறாங்கன்னு பாக்கலாம்.”

“தாத்தா, நான் விளையாட உக்காந்திருக்கேன். படம் பாக்கவா உக்காந்திருக்கேன்?”

“எதுக்கு ஓடுறோம்னு தெரியாம ஓடி என்னடா பிரயோசனம்?”

அவன் பதில் சொல்லவில்லை. எனக்கு டூரிங் கொட்டகை ஞாபகம் வந்தது. பாட்டு வந்தால் பாதிப் பேர் பீடி குடிக்க வெளியே போய்விடுவார்கள். சண்டைக்குத்தான் திரும்பி வருவார்கள். அவர்களை நான் திட்டியதில்லை. பேரனை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து கவனித்ததில் ஒன்று புரிந்தது. அதே விளையாட்டில் அந்தப் பெண்கள் ஜீப்பில் போகும் இடம் ஒன்று இருக்கிறது. வண்டியை ஓட்டுவது பேரன். எந்த இடிபாட்டுக்கு முதலில் போவது என்பதும் அவன் இஷ்டம். அவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு முழுவதையும் அவன் கேட்டான். கேட்டதோடு நில்லாமல், எனக்கு விளக்கமும் சொன்னான்! கதை அவனுக்குப் பிடிக்காமல் இல்லை. கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதை சொல்வதுதான் பிடிக்கவில்லை.

அடுத்து ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’. புனேயில் ஒரு சிறிய குழு செய்து 2020-இல் வெளியிட்டது. சர்க்கஸ்காரப் பெண் ராஜி. ரக்ஷா பந்தன் அன்று அசுரர்கள் தூக்கிப்போன தம்பியைத் தேடிப் போகிறாள். துர்க்கை அவளுக்குச் சூலம் தருகிறாள். காட்சிகளை நம் தோல்பாவைக் கூத்து மாதிரி நிழல் பொம்மைகளை வைத்தே காட்டிவிடுகிறார்கள். அவள் நடக்கும்போது துர்க்கையும் விஷ்ணுவும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறார்கள். வழியில் சுவர் ஓவியங்கள். நின்றால் புராணக் கதை கேட்கலாம். அவசரமென்றால் சூலத்தோடு போய்க்கொண்டே இருக்கலாம். முடிவு மட்டும் சட்டென்று அறுந்துபோன மாதிரி இருந்தது. ஆனாலும் கதைக்கும் ஆட்டத்துக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொண்ட வகையில் எனக்கு இதுதான் உசத்தி.

வெறும் சண்டை மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். தம்பி காணாமல் போனது தெரியாவிட்டால் அந்தச் சூலத்தை எதற்குச் சுழற்றுவது? சும்மா விரல்தான் வலிக்கும். அதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஆட்டத்தை நிறுத்திப் படம் காட்டினால் அது சினிமா. அதற்கு நாற்காலி போதும், பொத்தான் எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற என்னைப் போன்றவனுக்குக் காட்சி இனிக்கும்தான். ஆனால் ஆட்டம் ஆடுகிறவனுடையது.

இதை எழுதும்போது என் உத்தியோகமும் நினைவுக்கு வருகிறது. முப்பது வருடத்துக்கு மேல் சரித்திரப் பாடம் நடத்தினேன். தஞ்சை மராத்தியர் பாடத்தை எத்தனை உருக்கமாகச் சொன்னாலும் பின் பெஞ்சில் கொட்டாவிதான். ஒரு வருடம் பிள்ளைகளை மனோராவுக்குக் கூட்டிப்போனேன். சுற்றி ஓடினார்கள், அடுக்கை எண்ணினார்கள். பிறகு அவர்களாகவே வந்து, “கடற்கரையில இதை எதுக்கு சார் கட்டினாங்க?” என்று கேட்டார்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காக நம்ம சரபோஜி மன்னர் கட்டினார் என்றேன். அவ்வளவுதான், கேள்வி மேல் கேள்வி. அன்று வந்த மாணவர் ஒருவர் போன வருடம் கடைத்தெருவில் பார்த்து, அதையே திருப்பிச் சொன்னார். நான் உருகிச் சொன்ன மற்ற பாடம் ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை.

மற்ற வருடங்களில் என் வகுப்பிலும் அந்தப் பொத்தான் இருந்திருந்தால், பாதிப் பிள்ளைகள் அமுக்கியிருப்பார்கள்.

பேரன் ஊருக்குக் கிளம்பும் முன், ராஜியை ஒரு தரம் என் கையில் கொடுத்தான். முதல் அசுரனிடமே செத்துப்போனேன். “பரவாயில்ல தாத்தா, திரும்ப ஆடுங்க” என்றான். நான் வகுப்பில் யாரிடமும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.