துரை மாளிகையும் லயக் காம்பராவும்

சென்ற விடுமுறையில் மொனராகலை மாணாக்கர் சிலரை அப்புத்தளைக்கு அழைத்துச் சென்று அடிசம் மாளிகையைக் காட்டினேன். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டையின் சாயலிற் கருங்கல்லாற் கட்டுவித்த இல்லம் அது. இன்று பெனடிக்ற் சபைத் துறவியரின் மடம். துரையின் நூல்களும் தளபாடங்களும் செவ்வனே பேணப்படுகின்றன. துறவியர் பாராட்டுக்குரியர், அவர்கள் விற்கும் பழ ஜாமும் அவ்வாறே!

திரும்பும் வழியில் ஒரு மாணவி, "ஐயா, எங்கள் பாட்டி இருந்த காம்பராவை யார் இப்படி வைத்திருப்பார்கள்?" என்று கேட்டாள். இலக்கணம் கேட்டிருந்தால் உடனே விடை பகர்ந்திருப்பேன்.

லயங்கள் ஒழியவேண்டும், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிற் குடும்பம் முழுவதும் முடங்கிக் கிடந்தது போதும். ஆயினும், இடிக்குமுன் ஒன்றையேனும் விட்டுவைத்தலாகாதா? கம்பளையை அடுத்த பீகொக் தோட்டத்தில் 2007இல் பழைய லயமொன்றே தொழிலாளர் நூதனசாலையாயிற்று. ஊவாவுக்கும் அத்தகையதொன்று வேண்டும். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பிரட்டுத் தப்பும் துண்டும் அங்கே இருக்கட்டும். ஊர்ப் பிள்ளைகளின் கலைவிழாக்களும் அம்முற்றத்திலேயே நிகழட்டும். திருத்த வருவோர்க்கு ஒரு வேண்டுகோள்: சுவரிற் படிந்த அடுப்புப் புகையைச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிடாதீர்கள்.