தினசரி விலைன்னா தினமும் ஏறுற விலையா?

நம்ம உடுமலை சந்தையில தக்காளி வரத்து கூடினா விலை விழுது. பெட்ரோலையும் சந்தை கையில விடறோம்னு 2010 ஜூன்ல கட்டுப்பாட்டை எடுத்தாங்க. 2017 ஜூன் 16-ல இருந்து தினசரி விலை.

ஆனா 2020-ல கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்குப் போனப்ப என்னாச்சு? மே மாசம் மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏத்துச்சு. அதே மாசம் தமிழக அரசும் வாட் வரியைக் கூட்டுச்சு. விலை குறைஞ்ச லாபம் நமக்கு வரவே இல்லைங்க.

2022 மார்ச்ல கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியும் பங்க்ல விலை அசையலை. அஞ்சு மாநிலத் தேர்தல் முடிஞ்சதும் ஏறுச்சு!

வரி வேண்டாம்னு சொல்லலை. ஆனா மில்லுக்கு மொபெட்ல போறவரும் கார்ல போறவரும் லிட்டருக்கு ஒரே வரிதான் கட்டறாங்க. அது எவ்வளவுன்னு பில்லுலயாவது தனியா போடலாமே? நீங்க என்ன சொல்றீங்க?