கூச்சலிடும் காவலன்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மனிதனுக்குச் சொன்ன இந்தப் பழமொழி கணிப்பொறிக்கும் பொருந்தும் என்று நான் கண்டுகொண்டது சென்ற ஆண்டுதான்.

என் தந்தையார் வீடு வீடாகச் சென்று பால் ஊற்றுபவர். வாடிக்கைக் கணக்கு முழுவதும் ஒரு பழைய நோட்டில் இருக்கும். மாதக் கடைசியில் அதைக் கூட்டிக் கழித்துச் சீட்டு எழுதுவது என் வேலை. கல்லூரியில் சி மொழி கற்றதும், அந்தக் கணக்கைப் போட ஒரு சிறு புரோகிராம் எழுதினேன். பென்டிரைவில் எடுத்துச் சென்று, தெரிந்தவர் கடைக் கணிப்பொறியில் செருகினேன். "வைரஸ்!" என்று திரையில் சிவப்பு எழுத்து. மறுகணம் கோப்பு மாயமாகிவிட்டது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இந்த வேலையெல்லாம் இங்கே வேண்டாம்" என்றார். அருகில் நின்ற தந்தையாருக்கு எதுவும் விளங்கவில்லை. மகன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்பது மட்டும் விளங்கியது.

நான் செய்த தவறுதான் என்ன?

ஆன்ட்டிவைரஸ் மென்பொருள், முன்பே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்களோடு ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிடுகிறது. அடையாளம் தெரியாத புதிய கோப்பானால், அதன் போக்கைப் பார்த்து ஊகம் செய்கிறது. இதற்கு முன் எத்தனை பேர் அதை இறக்கிக்கொண்டார்கள், தயாரித்தவரின் டிஜிட்டல் கையொப்பம் உண்டா என்றும் சில மென்பொருள்கள் பார்க்கின்றன. அந்தக் கையொப்பத்திற்கான சான்றிதழைப் பெரும்பாலும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். ஆக, புதிதாக வருகிறவன், பெயர் தெரியாதவன், காசில்லாதவன் ஆகியோரே முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நம்மில் பலருக்கு இது புதிய அனுபவமா என்ன?

பெரிய இடத்துப் பிள்ளைகளும் தப்பவில்லை என்பதுதான் வேடிக்கை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பான எஸ்விசிஹோஸ்ட்டையே வைரஸ் என்று முத்திரை குத்தியது. உலகெங்கும் ஏராளமான கணிப்பொறிகள் மீண்டும் மீண்டும் அணைந்து எழுந்து செயலிழந்தன. மருத்துவமனைகளும் கடைகளும்கூடத் தத்தளித்தன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் மென்பொருள் தன்னைப் புதுப்பிக்கும் தன் சொந்தக் கோப்புகளையே தீயவை என்று பிடித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை அன்றோ!

அப்படியானால் காவலனையே விரட்டிவிடலாமா? நம் நண்பர்கள் சிலர் அதைத்தான் செய்கிறார்கள். திருட்டு விளையாட்டு ஒன்றை நிறுவும்போது எச்சரிக்கை வந்தால், "அது சும்மா கத்தும்" என்று ஆன்ட்டிவைரஸை அணைத்துவிடுகிறார்கள். பொய் எச்சரிக்கையின் உண்மையான கேடு இதுதான். 'புலி வருகிறது' என்று விளையாட்டாகக் கத்திய சிறுவனின் கதை நமக்குத் தெரியாததா? 2017-ஆம் ஆண்டு சிகிளீனர் என்ற புகழ்பெற்ற மென்பொருளின் அசல் பதிப்பிலேயே, முறையான கையொப்பத்துடனேயே, தீய நிரல் புகுத்தப்பட்டு இருபது லட்சத்துக்கும் அதிகமான பயனர்களைச் சென்றடைந்தது. நல்ல பெயரும் கையொப்பமும் இருந்தால் நல்லது என்றும் சொல்வதற்கில்லை.

எனவே, செய்ய வேண்டியது விசாரணை. தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குவோம். அங்கே எஸ்எச்ஏ-256 எண் தரப்பட்டிருந்தால், நம் கோப்பின் எண்ணோடு ஒப்பிடுவோம். வைரஸ்டோட்டல் தளத்தில் பல ஆன்ட்டிவைரஸ்களின் கருத்தை ஒரே நேரத்தில் கேட்கலாம். ஆனால் அந்தரங்கக் கோப்புகளை அங்கே ஏற்றக் கூடாது. தவறான முத்திரை என்று தெரிந்தால், ஆன்ட்டிவைரஸ் தயாரிப்பாளருக்கே எழுதலாம்; அதற்கென்று அவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். நான் அப்படித்தான் எழுதினேன். சில நாட்களில் என் புரோகிராமின் மீதிருந்த பழி நீங்கியது.

நம் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் மாணவர் எழுதும் புரோகிராம்களுக்குத் தனியே ஒரு ஃபோல்டர் ஒதுக்கி, அதை மட்டும் சோதனையிலிருந்து விலக்கி வைத்தால் போதும். செய்முறைத் தேர்வு நாளில் ஒரு மாணவனின் உழைப்பு கண்முன்னே மறையாது. முழுக் காவலையும் அணைக்க வேண்டிய அவசியமும் நேராது.

ஐயுறுவது காவலனின் கடமை. தீர விசாரிக்காமல் தண்டிப்பது மட்டும் யாருடைய கடமையும் அன்று.