திறந்த மென்பொருளும் மகாத் குளமும்

"லினக்ஸ் எல்லோருக்கும் பொது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இதில் சாதி எங்கே வந்தது?" கட்டற்ற மென்பொருளையும் சமூகநீதியையும் சேர்த்து நாம் பேசத் தொடங்கினாலே இந்தக் கேள்வி வந்து விழுகிறது. கேட்பவர்களில் பலர் நல்லெண்ணம் உள்ளவர்கள். அதனால்தான் பதில் சொல்கிறோம்.

பொது என்று அறிவிப்பது வேறு, பொதுவாக இருப்பது வேறு. இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோர் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மகாத் நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் உண்டு என்றது. ஆனாலும் நம் மக்கள் அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் நம்மவர்களை அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

லினக்ஸும் அப்படி ஒரு குளம்தான். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் ஆனது. அதன் உரிமம் நான்கு சுதந்திரங்களைத் தருகிறது: எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குப் பகிரலாம். வேதம் காதில் விழுந்தாலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரங்கள் ஆண்ட நாட்டில், மூலநிரலை எவரும் படிக்கலாம் என்ற உரிமை சாதாரணமானதல்ல. அதை நாம் மதிக்கிறோம். அதனால்தான் அது நம் பிள்ளைகள் கைக்கு வந்து சேரவில்லை என்று கோபப்படுகிறோம்.

எங்கே தடுக்கிறது? முதல் தடை ஆங்கிலம். இரண்டாவது, வீட்டில் ஒரு கணினி, அதைப் போட்டு உடைத்துப் பார்க்கும் துணிச்சல். அப்பாவும் மாமாவும் பொறியாளராக இருக்கும் வீட்டில் ஒரு பையன் கணினியைக் கெடுத்தால் அது கற்றல். கூலி வேலை செய்து தவணையில் வாங்கிக் கொடுத்த வீட்டில் கெடுத்தால் அது குடும்பத்துக்கே நட்டம். மூன்றாவது, ஒரு புதியவர் சந்தேகம் கேட்டால் "முதலில் ஆவணத்தைப் படித்துவிட்டு வா" என்று விரட்டும் பழக்கம். இந்த மூன்று தடைகளையும் தாண்டாமலே உள்ளே வந்தவர்கள்தான் 'நிரலுக்குச் சாதி இல்லை' என்கிறார்கள். நிரலுக்கு இல்லை, ஐயா. நிரல் எழுதக் கற்றுக்கொடுத்த வீட்டுக்கும் தெருவுக்கும் பள்ளிக்கும் இருக்கிறது.

அரசும் பாதி வேலையைத்தான் செய்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் சேரிப் பிள்ளைகள் கைக்கு முதன்முதலாகக் கணினி வந்தது. அது பெரிய காரியம், மறுக்கவில்லை. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பள்ளிகளில் அதைத் திறந்து காட்டினார்கள்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. நம் ஊரில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரை என்ன? "டேலி படி, டைப்பிங் படி, சீக்கிரம் வேலைக்குப் போ." அந்த வேலைகள் இழிவு என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் கூரை ஏன் இவ்வளவு தாழ்வாகப் போடப்படுகிறது என்று கேட்கிறோம். உலகின் முன்னணி 500 மீக்கணினிகளும் லினக்ஸில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருதான். சர்வர், கிளவுட் வேலைகளுக்குப் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறார்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பழைய மடிக்கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. வசதியுள்ளவர் புதிது வாங்குவார். நம் வீட்டில் அது பரணுக்குப் போகும், அல்லது சில நூறு ரூபாய்க்குக் கடையில் திருட்டு விண்டோஸ் ஏற்றப்பட்டு வைரஸோடு திரும்பி வரும். பரணில் கிடப்பதை இறக்குங்கள், தோழர்களே.

வழி எளிது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிட் கணினி, 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் இருந்தால் ஓடும். 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாகவே ஓடும். இறக்கிய கோப்பை ரூஃபஸ் போன்ற ஒரு மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கும்போதே எஃப்12, எஃப்2 அல்லது எஸ்கேப் பொத்தானை அழுத்துங்கள். எது என்பது கணினிக்குக் கணினி மாறும். வருகிற பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வன்வட்டைத் தொடாமலே லினக்ஸ் ஓடும். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிடித்தால் நிறுவலாம்.

நிறுவும் முன் சான்றிதழ், படங்கள் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். விண்டோஸும் வேண்டும் என்றால் 'பக்கத்தில் நிறுவு' என்ற தெரிவை எடுங்கள். 'வட்டை அழி' என்பதைத் தொட்டால் எல்லாம் போய்விடும். லிப்ரே ஆஃபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் அன்றைக்கே மனு எழுதலாம், துண்டறிக்கை அடிக்கலாம். கட்டளை தட்டும் கறுப்புத் திரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதல் மாதம் அதைத் தொடாமலே வேலை பார்க்கலாம். பிறகு தொடுங்கள், அங்கேதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது.

தனியாகச் செய்யாதீர்கள். மகாத்தில் யாரும் தனியாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவுப் பாடசாலையிலோ படிப்பகத்திலோ நான்கு பழைய மடிக்கணினிகளோடு உட்காருங்கள். ஒருத்தி தெரிந்துகொண்டதை அடுத்தவளுக்குச் சொல்லட்டும். தெரியாததைத் தமிழில் கேட்க வெட்கப்பட வேண்டாம். பதில் சொல்லத் தெரியாதவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நகரத்து அரங்குகளில் நடத்தும் நிறுவல் விழாக்களை எங்கள் தெருவில் ஒருமுறை நடத்துங்கள். கையேடுகளைத் தமிழில், பத்தாம் வகுப்புப் படித்தவருக்குப் புரியும்படி எழுதுங்கள். கேள்வி கேட்பவரின் ஆங்கிலத்தைப் பார்த்து அவர் அறிவை அளக்காதீர்கள். இதெல்லாம் எங்களுக்கு நீங்கள் போடும் பிச்சை இல்லை. உங்கள் உரிமத்தில் 'எவரும்' என்று எழுதியிருக்கிறதே, அந்தச் சொல்லுக்கு நீங்கள் செலுத்த வேண்டிய கடன்.

நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நம் பிள்ளைகள் இறங்கத்தான் போகிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பென்டிரைவோடு தொடங்குவோம்.

ஜெய் பீம்.