வேகமும் ஒழுங்கும்

ஸ்ரீபெரும்புதூருக்கு அணித்தேயுள்ள இருங்காட்டுக்கோட்டை வழியே செல்வோர் இருவகை மோட்டார் ஓசைகளைக் கேட்டல் கூடும். ஒன்று, 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய்த் தொழிற்சாலையில் உருவாகி வெளிப்போதரும் புது வண்டிகளின் மெல்லோசை. மற்றொன்று, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் 1990இல் திறந்த பந்தயக் களத்தினின்று எழும் பேரொலி. முன்னாளில் சோழவரத்து விமானத் தளத்தில் நிகழ்ந்த பந்தயங்களுக்கு இக்களமே பின்னர் இருப்பிடமாயிற்று. இங்கே வண்டியோட்டியவருள் ஒருவர் நடிகர் திரு. அஜித்குமார்.

செல்வமும் புகழும் உடையார் ஒருவர் பொழுதுபோக்குக்குப் பொருளை எரிக்கின்றார் என்று இகழ்வாரும் உளர். யானும் ஒருகாலத்து அங்ஙனமே எண்ணினேன். ஆனால் 2010இல் அவர் ஃபார்முலா 2 பந்தயங்களில் ஐரோப்பிய வாலிபர்களோடு ஓட்டியபோது முன்னணியில் நின்றாரல்லர். திரையில் என்றும் வெல்லும் ஒருவர், பல்லோர் காணப் பின்தங்குதற்கு நாணாமல் மீண்டும் மீண்டும் களம் புகுதல் வெறும் பொழுதுபோக்கு ஆகுமோ?

நிற்க. 2025ஆம் ஆண்டு சனவரியில் துபாயில் நிகழ்ந்த 24 மணிநேரப் பந்தயத்தையே ஈண்டுச் சிறப்பாகக் கூற விரும்புகின்றேன். அப்போது அவர்க்கு அகவை 53. பயிற்சியின்போது வண்டி தடுப்பில் மோதிச் சுழன்றது; அவர் ஊறின்றி வெளிவந்தார். அதன்பின், தம் பெயரால் அமைந்த குழுவின் வண்டியைத் தாம் ஓட்டாது ஏனையோரிடம் விடுத்து, வேறொரு குழுவில் வேறொரு பிரிவில் ஓட்டினார். அவர் குழு தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. தம் குழுவின் நலத்தின்பொருட்டுத் தம் இருக்கையை விட்டெழுந்த அச்செயலே, பரிசுக் கோப்பையினும் எனக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. இத்தகைய பந்தயத்தில் ஒருவரே முற்றும் ஓட்டுதல் இயலாது. ஒருவர் இறங்க மற்றொருவர் ஏறுவர். டயர் மாற்றுவோரும் எண்ணெய் நிரப்புவோரும் இரவெல்லாம் விழித்திருப்பர். ஒரகடத்து உதிரிபாக ஆலையொன்றில் இரவு ஷிப்டு பார்க்கும் என் தமையனார் இதனைக் கேட்டு, "இது எங்கள் வேலையேயன்றோ, தம்பி!" என்று நகைத்தார்.

இனி, நம் வாலிபர் இவரிடம் கற்றது யாது? 2011இல் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தவர் அவர். தம் பெயரோடு கடவுள் என்னும் சொல்லைச் சேர்த்துக் கூவுதல் வேண்டா என 2024 டிசம்பரில் வேண்டிக்கொண்டவரும் அவரே. இவற்றையெல்லாம் விடுத்து, வேகம் ஒன்றனையே நம்மவர் பற்றிக்கொண்டனர். களத்திலோ தலைக்கவசமும் தீக்காப்பு உடையும் இன்றி எவரும் வண்டியில் ஏறலாகாது. எல்லா வண்டிகளும் ஒரே திசையில் ஓடும். மஞ்சட்கொடி அசைந்தால், முந்திச் செல்லும் ஆற்றலுடையானும் வேகம் தணித்துப் பின்னேயே செல்லல் வேண்டும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கொடி காட்டுவார் யாவர்? அங்கே லாரிகளும், தொழிலாளர் பேருந்துகளும், ஷிப்டு முடிந்து உறக்கக் கண்ணோடு சாலையைக் கடக்கும் பெண்களுமே உளர்.

எங்கள் தெருவில் ஓர் இளைஞன் அந்நடிகர் படத்தைத் தன் மோட்டார் சைக்கிளில் ஒட்டியிருந்தான். சென்ற ஆண்டு ஓரிரவில், தலைக்கவசமின்றி விரைந்து, நின்றுகொண்டிருந்த லாரியின்மேல் மோதினான். உயிர் தப்பியது, கால் முறிந்தது. ஆலையில் கிடைத்திருந்த வேலையும் போயிற்று. யான் காணச் சென்றபோது, துபாய்ப் பந்தயத்தை மணிக்கணக்குப் பிசகாமல் எடுத்துரைத்தான். நடிகர் தம் வண்டியை ஏனையோர்க்கு விட்டுக்கொடுத்ததனை அறிவாயோ என வினவினேன். அஃதொன்றும் தான் கேட்டிலன் என்றான். அவன் தாயார் அருகிருந்து, இருங்காட்டுக்கோட்டைக் களத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கும் ஓட்டக் கற்பிப்பார்களா, தம்பி, என்று என்னைக் கேட்டார்.