கடற்கரைக்காரர்களின் பனிமலைத் திட்டம்

ராமேஸ்வரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம். பெயரில்தான் பர்வதம், உண்மையில் அது ஒரு மணல்மேடு. படியேறிப் போய் ராமர் பாதத்தைக் கும்பிட்டு, சுற்றிலும் தெரியும் கடலைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்காமல் இறங்கி வந்துவிடலாம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், கோடை விடுமுறையில் இமயமலைக்கு ட்ரெக்கிங் போகத் திட்டம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திட்டம் எப்படி இருக்கும்?

முதலில் பணம். தலைக்கு எவ்வளவு, யார் யார் வீட்டில் கேட்க முடியும், யாருக்கு யார் கடன் கொடுப்பது என்ற பேச்சிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். அடுத்து ஷூ, ஜெர்கின், கேமரா. அதற்கும் அடுத்து ரயில் டிக்கெட். கடைசியில்தான் நாட்களை எண்ணுவார்கள். எண்ணிப் பார்த்தால் இடிக்கும். உடனே ஒருவன் சொல்வான், "இங்கே ஒரு நாள் சும்மா தங்குறதா போட்டிருக்கே, அதை எடுத்துடுடா!" எல்லோரும் தலையாட்டுவார்கள். திட்டம் முடிந்தது.

இந்தக் கட்டுரை அந்தச் சும்மா தங்கும் நாளைப் பற்றியதுதான்.

உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். இமயமலை என்றதும் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆசைப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. 1931-ல் ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறி பார்த்துவிட்டுப் பின்னர் எழுதியதால் உலகத்துக்குத் தெரியவந்த இடம். 2005-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இருக்கிறது. கயிறு கட்டி ஏறத் தேவையில்லை, நடந்தே போகலாம். ஆகவே சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

போகும் வழியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ராமநாதபுரத்தில் ரயில் ஏறினால் சனிக்கிழமை காலை சென்னை. அன்று இரவு டெல்லி ரயில். இரண்டு இரவு, ஒரு பகல் கழித்து திங்கள் காலை டெல்லி. அன்றைக்கே ரிஷிகேஷ். செவ்வாய் முழுவதும் மலைப்பாதையில் ஜீப்பிலோ பஸ்ஸிலோ குலுங்கி ஜோஷிமட். புதன் காலை கோவிந்த்காட் போய் அங்கிருந்து நடந்தால் மாலையில் காங்காரியா. வியாழன் பள்ளத்தாக்கு, வெள்ளி ஹேம்குண்ட் ஏரி. சனிக்கிழமை இறக்கம். அதே வழியில் திரும்பினால் ஏறக்குறைய இரண்டு வாரம் காலி. இதில் பெரும்பகுதி போய்வரும் பயணத்திலேயே கழிகிறது என்பதுதான் வேடிக்கை. கோயம்புத்தூர்க்காரனுக்கும் இதே கதைதான். ஆனால் அவனுக்கு ஊட்டியாவது பக்கத்தில் இருக்கிறது!

இப்போது உயரத்தைக் கவனியுங்கள். செவ்வாய் காலை ரிஷிகேஷில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். அன்று இரவு ஜோஷிமட்டில் 1,900 மீட்டருக்குப் பக்கம். புதன் இரவு காங்காரியாவில் 3,000 மீட்டருக்கு மேல். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர்தான். ஹேம்குண்டோ 4,000 மீட்டரையும் தாண்டியது. கொடைக்கானலின் தலையில் இன்னொரு கொடைக்கானலைத் தூக்கி வைத்த மாதிரி. நேற்று முன்தினம் வரை கடல் மட்டத்தில் இருந்த உடம்பு இது!

3,500 மீட்டரில் ஒருவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், ராமேஸ்வரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் ஓய்வெடு என்பது மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. பழகாத உடம்புக்கு முதலில் தலைவலி வரும், குமட்டும், தூக்கம் வராது. அதோடு நின்றால் பரவாயில்லை. அதையும் மீறி ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம், மூளை வீங்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். சில மணி நேரத் தாமதமே உயிரைக் கொண்டுபோய்விடும்.

இதில் இளைஞர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தினமும் கபடி ஆடுகிறவன், ஜிம்முக்குப் போகிறவன், மணலில் அரிச்சல்முனை வரை நடந்து பழகியவன், எவனுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. உடற்பயிற்சி காலுக்கும் நெஞ்சுக்கும் நல்லது, அவசியமும்கூட. ஆனால் உயரத்தால் வரும் நோயை அது தடுக்காது. சொல்லப்போனால் பலசாலிதான் வேகமாக ஏறி முதலில் மாட்டிக்கொள்கிறான். மாத்திரை இருக்கிறதே என்பார்கள். உண்டுதான். டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது, போட்டாலும் அது ஓய்வு நாளுக்கு ஈடாகாது.

ராமேஸ்வரத்துக்கும் இமயத்துக்கும் உறவு இன்று நேற்று வந்ததல்ல. வடக்கே பத்ரிநாத், தெற்கே ராமேஸ்வரம் என்று நான்கு திசைத் தலங்களில் இரண்டும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. சேதுக்கரை மணலை எடுத்துப்போய் பிரயாகையில் கரைப்பதும், கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வதும் பழைய வழக்கம். அந்தக் காலத்தில் அதை நடந்தே செய்தார்கள். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் வரை வழியெங்கும் சட்டி என்று அழைக்கப்பட்ட தங்குமிடங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தங்கித் தங்கி ஏறியவர்களுக்கு, நடையே உடம்பைப் பழக்கிவிட்டது. யாரும் அவர்களுக்கு ஆக்சிஜன் கணக்கு சொல்லித் தரவில்லை. இன்றைக்கு அந்த நாட்களையெல்லாம் ஜீப் விழுங்கிவிட்டது. அது மிச்சப்படுத்திக் கொடுத்த நாட்களில் இரண்டையாவது உடம்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

உயரம் ஒன்றுதான் காரணம் என்றும் இல்லை. 2024 ஜூன் மாதம் கர்நாடகத்திலிருந்து 22 பேர் கொண்ட குழு உத்தரகண்டின் சகஸ்த்ர தால் ஏரிக்கு நடந்து போனது. திரும்பும்போது பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். 2013 ஜூனில் கேதார்நாத்தில் வெள்ளம் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. இரண்டும் ஜூன். நம் கல்லூரிகளுக்கு விடுமுறை கிடைக்கும் காலமும், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் முடிகிற நேரமும் அதுதான்! பள்ளத்தாக்கு ஜூன் 1-ல் திறந்தாலும் பூக்கள் நிறைவது ஜூலை, ஆகஸ்டில். அப்போது மழையும் மண்சரிவும். சாலை ஒரு நாள் முழுக்க மூடிக்கிடந்தால், ஓய்வு நாளே இல்லாத திட்டம் என்ன ஆகும்? ரயிலைப் பிடிக்க ஓடுவார்கள். அந்த ஓட்டத்தில்தான் தப்பு நடக்கிறது.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. செலவழிந்து திரும்பி வராத பணத்தை, அடுத்த முடிவு எடுக்கும்போது கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குகிறார்கள். மலையில் நின்றுகொண்டு, "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு மேலே போகாம திரும்புறதா?" என்று கேட்பதும் அவர்களேதான்.

ஆனால் கடற்கரைக்காரர்களுக்கு இதைப் பாடப்புத்தகம் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. மீன்வளத்துறை டோக்கன் கொடுப்பதை நிறுத்துகிறது. படகுகள் கரையில் நிற்கின்றன. டீசல், ஐஸ், ஆள்கூலி எல்லாம் யோசித்து வைத்திருந்தும் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை. போகாதவனைக் கோழை என்று யாராவது சொன்னதுண்டா? 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலை அலை கொண்டுபோன கதையைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கடலைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை மலையடிவாரத்தில் மறந்துவிடுவதுதான் ஆச்சரியம். மலையில் கூண்டு ஏற்ற ஆள் இல்லை. புறப்படும் முன்பே குழுவாகப் பேசி அவர்களேதான் ஏற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது, யாருக்குத் தலைவலி என்றாலும் மறைக்காமல் சொல்வது, அவனோடு கீழே இறங்கப்போவது யார், இவ்வளவையும் ரயிலிலேயே முடிவு செய்துவிடலாம். ஒரு பகல் சும்மாதானே கிடக்கிறது!

இரண்டு நாள் கூடினால் ஐந்து பேருக்கும் அறை வாடகை, சாப்பாடு கூடும் என்பது உண்மைதான். படகிலோ கடையிலோ அப்பாவுக்குக் கைகொடுக்க வேண்டியவனுக்கு அந்த இரண்டு நாள் பெரிய விஷயம். அப்படியானால் நாளைக் குறைக்க வேண்டாம், உயரத்தைக் குறைக்கலாம். ஹேம்குண்டை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கோடு திரும்பினால் ஒன்றும் குறைந்துவிடாது. அல்லது முதல் வருடம் மேற்குத் தொடர்ச்சி மலையே போதும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு இங்கே விதிகள் இறுகின. 2024 அக்டோபரிலிருந்து தமிழக அரசே 40 பாதைகளில் வழிகாட்டியோடு ட்ரெக்கிங் நடத்துகிறது. காட்டுத்தீ காலத்தில் அவற்றை மூடியும் வைக்கிறது. அதுவும் ஒரு கூண்டுதான்.

இமயம்தான் வேண்டும் என்றால், ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால் அதற்குள் தேதிகளை முடிவு செய்தாக வேண்டும். ஜோஷிமட்டில் ஒரு நாள், காங்காரியாவில் ஒரு நாள் கூடுதலாகப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு திரும்பும் டிக்கெட்டை எடுக்கலாம். புது ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி காலேஜுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், யார் சிரித்தாலும் பரவாயில்லை. ஜீன்ஸை வீட்டில் வைத்துவிடலாம், நனைந்தால் அங்கே காயவே காயாது. மழையும் வராமல், சாலையும் மூடாமல், யாருக்கும் தலையும் வலிக்காமல் அந்த இரண்டு நாளும் அப்படியே மிஞ்சிவிட்டால்? வரும் வழியில் காசியில் இறங்கிக்கொள்ளலாம். பனாரஸிலிருந்து ராமேஸ்வரத்துக்கே நேராக வாராந்திர ரயில் இருக்கிறது.