சயாமிலிருந்து வராத கடிதம்

முதல் உலகப் போரின்போது பிரான்சுக்குப் போன இந்தியக் குதிரைப்படை வீரர்கள் ஊருக்கு ஏராளமாகக் கடிதம் எழுதினார்கள். பெரும்பாலும் வட இந்தியக் கிராமத்து விவசாயிகள். எழுதத் தெரியாதவர்கள் படித்த தோழனை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்கள். 1915 கடைசியில் காலாட்படையின் பெரும்பகுதி மெசபடோமியாவுக்குப் போய்விட்டது. குதிரைப்படை 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே இருந்தது. குதிரையில் பாய்ந்து போரிடும் வாய்ப்பு அரிதாகத்தான் கிடைத்தது. சேறு, பனி, பதுங்குகுழி, குதிரைக்குத் தீனி என்று நாள்கள் கழிந்தன. கடிதத்திலும் அதுதான் பேச்சு. கூடவே ஊர் விளைச்சல், கல்யாணம் பற்றிய விசாரிப்பு. தங்கிய வீட்டுப் பிரெஞ்சுப் பாட்டி மகனைப்போல் பார்த்துக்கொள்கிறார் என்ற ஆறுதல்.

அந்தக் கடிதங்களின் வாசகம் நமக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? சந்தேகத்தால்தான். ராணுவத் தணிக்கை அலுவலகம் கடிதங்களைப் பிரித்துப் படித்தது. படையின் மனநிலையை மேலிடத்துக்குத் தெரிவிக்கச் சில பகுதிகளை மொழிபெயர்த்தும் வைத்தது. வீரர்களும் சளைக்கவில்லை. கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது என்று எழுதினால், இந்தியச் சிப்பாய்கள் மடிகிறார்கள் என்று ஊரில் புரிந்துகொள்ள வேண்டும். தணிக்கை அதிகாரிக்கும் அது புரிந்தது! அந்த மொழிபெயர்ப்புகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

இதைச் சொல்லக் காரணம், நம் வீடுகளுக்கு வராமல் போன கடிதங்கள். கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத்தில் வேர்விட்ட பல குடும்பங்களில் 'சயாமுக்குப் போனவர்' ஒருவர் உண்டு. 1942-43இல் சயாமையும் பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களைவிட அதிகம், ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள்.

போர்க்கைதிகளுக்கு அச்சடித்த அட்டை கொடுக்கப்பட்டது. உடல்நலம் நன்று, கூலிக்கு வேலை செய்கிறேன் என்பது போன்ற வாக்கியங்கள் அதில் தயாராக இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையொப்பமிட வேண்டும். உண்மை நிலையை எழுத இடமில்லை. வந்துசேரவும் பல மாதங்கள் ஆகும். ஆனாலும் கையெழுத்தைப் பார்த்த தாய்க்கு, எழுதிய நாளில் மகன் உயிரோடு இருந்தான் என்பதாவது தெரிந்தது. நம் தோட்டத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பொய்கூட வரவில்லை.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆள் சேர்த்தார்கள். ஆள் போதாதபோது பிடித்தும் ஏற்றினார்கள். அத்தாப்புக் குடிசை, மூங்கில் தட்டி, ஓயாத மழை. 1943 மழைக்காலத்தில் காலராவும் வந்தது. கைதிகளோடு அவர்களுடைய மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். இறந்தவர் பெயரைக் குறித்து, ஒளித்தும் வைத்தார்கள். அதனால்தான் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்று சுமார் 7,000 கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு இருக்கின்றன. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அப்படிப் பெயர் குறிக்க ஆளில்லை.

பெயர் குறிக்காதது வீட்டில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இறந்த நாள் தெரியாமல் எந்தத் திதியில் படைப்பது? தாலியைக் கழற்றுவதா, இன்னும் ஒரு தீபாவளி வரை காத்திருப்பதா? உயிரோடு திரும்பிய யாரோ ஒருவர் லயத்து வாசலில் நின்று சொன்ன இரண்டு வார்த்தைதான் பல வீடுகளுக்கு வந்த கடிதம்.

அன்று ஐந்து வயதுப் பிள்ளையாக அந்த வாசலில் நின்றவருக்கு இன்று 85 தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படியொரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அடுத்த முறை போகும்போது கைப்பேசியை ஒலிப்பதிவில் வைத்துப் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தோட்டம், உடன் போனவர்கள் யார், திரும்பியவர்கள் யார், செய்தியை யார் கொண்டுவந்தது என்று கேளுங்கள். பிறகு வீடு எப்படிப் பிழைத்தது என்றும் மறக்காமல் கேளுங்கள். மரவள்ளி நட்டு, பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த தாய்மார்களின் கதை அந்தப் பதிலில்தான் இருக்கும்.

பெயரைத் தகப்பன் பெயரோடு எழுதுங்கள். தோட்டத்தின் பழைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தோட்டம் இன்று தாமானாகி, வேறு பெயரில் இருக்கலாம். கோலாலம்பூர் ஆர்க்கிப் நெகாராவில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைச் சேர்த்துவைக்கிறார்கள், அங்கும் விசாரிக்கலாம். அதுவரை வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இந்த வாரம் ஒரு பெயரையாவது எழுதிவையுங்கள்.